பெட்டைக் குட்டிக்கு வீடு எங்கே?



2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் பதினொரு நாள் இடைவெளியில் தெருநாய்களைப் பற்றி இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. ஆகஸ்டு 11 அன்று இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, தலைநகர் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் உள்ள தெருநாய்களை எட்டு வாரங்களுக்குள் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்பத் தெருவில் விடக்கூடாது என்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தி, நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றும் கூறியது. கண்ட இடத்தில் உணவு போடுவதற்கும் தடை விதித்தது. பின்னர் நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அதே இடத்தில் மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது.

இவற்றைப் பற்றித் தொலைக்காட்சி விவாதங்களில் ஒருபுறம் கடிபட்ட குழந்தைகளின் பெற்றோரும் மறுபுறம் விலங்கு ஆர்வலர்களும் நின்று சண்டையிட்டதை நாம் பார்த்தோம். ஆனால் ஆகஸ்டு 22 ஆணையில் இருந்த ஒரு சிறு பகுதியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அந்த நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களது பொறுப்பு என்பதே அது. மற்றவை எல்லாம் அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை. இந்த ஒன்று மட்டுமே நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆகவே அதைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்ப்போம்.

டெல்லியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். வைகை அணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சென்று பாருங்கள். 1959-இல் திறக்கப்பட்ட நாள் முதல் மதுரை, தேனி, திண்டுக்கல் மக்களுக்கு அது குடிநீரும் பாசன நீரும் தரும் இடம் மட்டுமல்ல, குடும்பத்தோடு சென்று பூங்காவில் உட்காரும் இடமுமாகும். அணை மீனைப் பொரித்து விற்கும் கடைகளைத் தேடியே வருவோரும் உண்டு. மீன் முள்ளும் சோற்றுப் பொட்டலமும் கிடைக்கும் இடத்தில் நாய்களும் கூடுகின்றன. இதை அறிந்து, வீட்டில் ஈன்ற குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து அணைப் பக்கம் விட்டுச் செல்வோரும் இருக்கிறார்கள். “அங்கே விட்டா பிழைச்சுக்கும்” என்பது அவர்கள் சொல்லும் ஆறுதல்.

பிழைக்கிறதா? கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயது வரை உயிரோடு இருந்தவை 19 விழுக்காடு மட்டுமே. மற்றவற்றுள் பெரும்பாலானவை இறந்ததற்கு மனிதரே ஏதோ ஒரு வகையில் காரணம். தாய் அருகில் இருந்த குட்டிகளின் நிலையே இதுவென்றால், தாயை விட்டுப் பிரித்து அணைக்கரையில் விடப்பட்ட குட்டிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி விடப்படும் குட்டிகளை நாம் கவனித்த வரையில், அவற்றுள் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். ஆண் குட்டிக்குத் தோட்டக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் ஆள் கிடைத்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமும் வாழைத் தோட்டமும் வைத்திருப்போர் ஆண் குட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெட்டையைக் கேட்பார் இல்லை.

நம் பங்கில் கொத்தனார் வேலை செய்யும் ஒருவரின் பிள்ளைகள் இருவர், அணைக்குச் சென்ற இடத்தில் ஒரு குட்டியைப் பள்ளிப் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். தாய் அதை வீட்டுக்குள் விடவில்லை. பிள்ளைகள் அழ, வழக்கு நம்மிடம் வந்தது. அந்தத் தாய் சொன்னது இதுதான்: “ஆண் குட்டியா இருந்தா வச்சுக்கலாம் சாமி. இது பெட்டையால்ல இருக்கு. வருசத்துக்கு ரெண்டு தடவை குட்டி போட்டா நான் எங்கிட்டு கொண்டு போயி விடுறது?” இதைக் கல் நெஞ்சம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் கணக்குச் சரியானதே. ஒரு பெட்டை நாய் ஏறத்தாழ எட்டு மாதத்திலேயே சினைப்பட முடியும். ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து குட்டிகள். அத்தனை குட்டிகளை யார் வாங்குவார்? அவையும் சாக்கில் ஏறி அணைக்கரைக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தாய்க்குத் தெரியாதிருந்தது ஒன்றே: பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யலாம், அதைக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் செய்கிறார்கள் என்பது. மாட்டுக்குச் சினை ஊசி போட மருத்துவரை அழைக்கும் நம் மக்களில் பலர் நாயை மருத்துவரிடம் கொண்டு செல்வதை வேடிக்கையாகவே நினைக்கிறார்கள். தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகிறது என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

இந்த அறுவை சிகிச்சை ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று எண்ண வேண்டாம். இதில் நம் தமிழகமே நாட்டுக்கு வழிகாட்டியது. வெள்ளையர் காலம் தொட்டுச் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. எவ்வளவு கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. சென்னையில் கேப்டன் சுந்தரம் அவர்கள் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதை விட்டுக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதே வழி என்று பல ஆண்டுகள் வாதாடியது. 1996-இல் மாநகராட்சி அதை ஏற்றது. 2001-இல் நடுவண் அரசு அதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது. 2023-இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் இரண்டாம் ஆணையில் திரும்பிச் சென்றதும் இதே வழிக்குத்தான். விதி நல்லதே. ஆனால் அதைச் செய்வதற்கான மருத்துவரும் அறுவைக் கூடமும் பணமும் பெரும்பாலான பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இல்லை. 25 ஆண்டுகளாக ஏட்டில் இருக்கும் விதியை நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை நினைவூட்டியிருக்கிறது, அவ்வளவே.

குட்டியைக் கொண்டுபோய் விடுவது சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது. நடன மேதை ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக வந்ததே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். தகுந்த காரணமின்றி விலங்கைக் கைவிடுவதும், நாயை எந்நேரமும் சங்கிலியில் கட்டியே வைத்திருப்பதும் அதன் 11-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியவை. தண்டனை என்ன தெரியுமா? முதல் முறைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். 1960-இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்று அணைக் கடையில் ஒரு தட்டு மீன் அதைவிடக் கூடுதல் விலை. எனவே இச்சட்டத்தைக் காட்டி யாரையும் அச்சுறுத்த முடியாது.

இனி, குட்டியின் மேல் இரக்கம் கொண்டு அதைக் கையில் எடுப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் ஒரு துயர நிகழ்ச்சியை மறைக்கக் கூடாது.

உத்தரப் பிரதேச மாநிலத்தின் புலந்த்சகர் மாவட்டத்தில் 22 வயது இளைஞர் ஒருவர், மாநில அளவில் ஆடிய கபடி வீரர், சாக்கடையில் விழுந்து தத்தளித்த நாய்க்குட்டி ஒன்றைக் கை கொடுத்துத் தூக்கிக் காப்பாற்றினார். குட்டி பயத்தில் அவர் விரலைக் கடித்துவிட்டது. சிறு கீறல். விளையாட்டில் படும் காயத்தைப் போன்றது என்று எண்ணி அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, 2025 ஜூன் மாத இறுதியில், வெறிநாய்க்கடி நோயால் தண்ணீரைக் கண்டு அஞ்சித் துடித்து இறந்தார். அவர் செய்தது ஒரு நற்செயல். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

குட்டி நாய்க்கு வெறி வராது, பால் குடிக்கும் குட்டியின் பல் விஷமில்லாதது என்று நம் ஊர்களில் சொல்வார்கள். இது பொய். தாயிடமிருந்தோ வேறு நாயிடமிருந்தோ கடிபட்ட குட்டிக்கும் நோய் வரும், குட்டியிடமிருந்து மனிதருக்கும் வரும். அதைவிட, குட்டிக்கு மூன்று மாதம் ஆன பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வழக்கம். ஆக, நாம் தெருவிலிருந்து தூக்கி வரும் குட்டி பெரும்பாலும் தடுப்பூசி போடாத குட்டியே. அதன் பல்லோ நகமோ பட்டு இரத்தம் கசிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அணையிலிருந்து தொலைவில் இல்லை. ஊசிக்குப் பணம் கிடையாது.

நம் முதியோர் பலருக்கு இன்னும் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசியின் பயம் இருக்கிறது. அது அக்கால உண்மை. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போது தென்னிந்தியாவில் இதற்கு மருத்துவம் இல்லை, இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. அந்த இறப்பின் விளைவாகவே 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்தைத்தான் வயிற்றில் பல நாள் போட்டார்கள். அந்த மருந்து 2004-இல் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று போடுவது கையில், தோலுக்குள், மெல்லிய ஊசி. கடிபட்ட அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை சென்றால் போதும். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றியே மற்றொரு மருந்தும் போடுவார்கள். தமிழகத்தில் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்கு ஆளாயினர். 43 பேர் வெறிநோயால் இறந்தனர். நோய் முற்றிய பின் மருந்து இல்லை. ஆனால் கடிபட்ட உடனே முழுமையாக ஊசி போட்டுக்கொண்டவர் பிழைத்துக்கொள்கிறார். இரண்டு ஊசி போட்டதும் “சரியாகிவிட்டது” என்று வேலைக்குப் போய்விடுவதே நம் மக்களிடம் காணும் பெருங்குறை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் குட்டியே வேண்டாம் என்று முடிவு செய்வோர் இருக்கலாம். எல்லா வீட்டிலும் நாய் இருக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வாடகை வீட்டில், பகல் முழுதும் பூட்டிய கதவுக்குள் அடைத்து வைக்க ஒரு உயிரை எடுத்து வருவது இரக்கமாகாது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த நாயாவது நிழலைத் தேடிப் போயிருக்கும்.

வேறொரு தயக்கமும் நம் மக்களிடம் உண்டு. மனிதருக்கே சோறில்லாத உலகில் நாய்க்குச் செலவு செய்யலாமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சனவரி 5 அன்று பொது மறைக்கல்வி உரையில், பிள்ளைகளைப் பெறாமல் நாயையும் பூனையையும் அந்த இடத்தில் வைத்துக்கொள்வோரைத் தன்னலத்தார் என்று கடிந்துகொண்டது உலகெங்கும் செய்தியானது. அவரே 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் ஒவ்வொரு படைப்புக்கும் கடவுள் முன் தன் மதிப்பு உண்டு என்று போதித்தார். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2418-ஆம் எண்ணில் இரு பக்கமும் பேசுகிறது: விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே ஒவ்வாதது, மனிதரின் துயர் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் தகாது, விலங்கின் மேல் அன்பு கொள்ளலாம், ஆனால் மனிதருக்கே உரிய அன்பை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

திருத்தந்தையின் கண்டனம் பெருநகரங்களின் செல்வர்களுக்குப் பொருந்தும். நம் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாட்டுக்கும் சென்றுவிட, வீட்டில் தனியே இருக்கும் தாய்மார்கள் நம் பங்கிலேயே எத்தனை பேர்! இரவில் கதவு தட்டும் ஓசைக்கு முதலில் எழுந்து குரைக்கும் ஒரு நாய், அவர்களுக்குப் பிள்ளைக்குப் பதிலாக வந்ததன்று. பிள்ளை இல்லாத நேரத்தில் துணையாக வந்தது. தோபித்து நூலில் இளைஞர் தோபியா வழிப்பயணம் புறப்பட்டபோது வானதூதருடன் வீட்டு நாயும் கூடவே நடந்து சென்றது என்பதை நம்மில் பலர் கவனித்திருக்கமாட்டோம். அது அங்கே எந்தப் புதுமையும் செய்யவில்லை. கூட நடக்கிறது, அவ்வளவுதான். கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்குக்கு நாய் ரொட்டி கொண்டுவந்தது என்ற மரபும் உண்டு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயராலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது. செந்நிற உடல், கருத்த மூஞ்சி, காவலுக்கும் காட்டுப்பன்றியை விரட்டவும் பேர்போனது. 2020 ஆகஸ்டு மாத வானொலி உரையில் பிரதமர் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையுடன் கோம்பையையும் குறிப்பிட்ட பிறகு அதற்குத் தேவை கூடிவிட்டது. நல்லதே, நம் மண்ணின் இனம் அழியாமல் இருக்கட்டும். ஆனால் கோம்பை என்று சொல்லி எந்தச் செந்நிறக் குட்டியையும் விற்றுவிடுவோர் கிளம்பியிருக்கிறார்கள். மறுபுறம், குளிர்நாட்டு நாயைப் பல ஆயிரம் கொடுத்து வாங்கி, தேனி வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டுத் தவிப்பதைப் பார்த்துப் பெருமைப்படுவோரும் உண்டு. தெருவில் கிடக்கும் நாட்டு நாய்க்குட்டி இந்த வெயிலுக்கும் நம் வீட்டுச் சோற்றுக்கும் பல தலைமுறையாகப் பழகியது. விலை கிடையாது.

எடுப்பது என்று தீர்மானித்தால், பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுக்கு ஒரு உயிரை ஏற்கிறோம் என்று அறிந்து எடுக்க வேண்டும். இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் அந்த நாய் உயிரோடு இருக்கும். அப்போது அதைக் கவனிப்பது யார் என்று இப்போதே வீட்டில் பேசிக்கொள்வது நல்லது. தாய் அருகில் இருந்தால் எட்டு வாரம் வரை குட்டியைப் பிரிக்கக் கூடாது. சீக்கிரம் பிரிந்த குட்டி பிற்காலத்தில் பயந்து கடிக்கும். வீட்டுக்கு வந்ததும் குடற்புழு மருந்து, பிறகு பார்வோ போன்ற நோய்களுக்கான ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பின் மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைப் போக்கிவிடும். தயிர்ச் சோறும் முட்டையும் போதும். பெட்டையானால் ஆறு மாதம் ஆனதும் கருத்தடைக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். முதல் முறை குட்டி போடட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளினால் சாக்கு மறுபடியும் அணைக்கரைக்குப் போகும். சென்னையில் 2025 முதல் வீட்டு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று மாநகராட்சி கெடுபிடி செய்கிறது. நம் ஊருக்கும் அது வந்தால் வரவேற்போம். குட்டியைக் கொண்டுவந்து விட்டவர் யார் என்பது அன்றாவது தெரியும்.

கொத்தனார் வீட்டுக் குட்டி இப்போது அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அறுவை முடிந்தது. கூலி இழந்து இரண்டு நாள் அலைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தினக்கூலிக் குடும்பம் ஒன்று தனியே சுமக்கக் கூடிய செலவும் அலைச்சலும் அன்று அது. ஆகவேதான் இதைத் தனி ஒருவரின் இரக்கமாக விட்டுவிடாமல் பங்கின் வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். தடுப்பூசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டர் இறந்த நாள் அது. ஆறு நாள் கழித்து அக்டோபர் 4 அசிசியாரின் திருவிழா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் கால்நடை மருத்துவர்களை அழைத்து ஆலய வளாகத்தில் முகாம் நடத்தக் கேட்டிருக்கிறோம். சமயம் பார்க்காமல் ஊரார் எவரும் வரலாம். அன்பியப் பொறுப்பாளர்கள் தங்கள் தெருவில் உள்ள நாய்களையும், சினைப்பட்டிருப்பவற்றையும், வீடு தேடும் குட்டிகளையும் முன்கூட்டியே எழுதித் தரட்டும். பெட்டைக் குட்டிகளின் பெயரை முதலில் எழுதுங்கள். கொண்டு வரும்போது கழுத்தில் கயிறும், பழக்கமில்லாத நாயானால் வாயைக் கட்ட ஒரு துணியும் எடுத்து வாருங்கள். சிறு பிள்ளைகளின் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்ப வேண்டாம்.